மூன்று முறை செத்த இன்ஜின்

பல் டாக்டரின் கார் மூன்றாவது முறையாகச் செத்துப்போய், இழுவை வண்டியின் முதுகில் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்தே கால். ‘உலகத் தரம், உள்ளன்பு’ என்று எழுதிய பலகைக்குக் கீழே அதை இறக்கி வைத்தார்கள். பலகை பெரிது. அதனாலேயே கார் இன்னும் பரிதாபமாகத் தெரிந்தது.

மூன்று முறையும் ஒரே கதைதான். மேம்பாலம் ஏறும்போது எச்சரிக்கை விளக்கு எரியும். மிதித்தால் சீற வேண்டிய வண்டி, மூச்சு முட்டியதுபோல் ஊர்ந்து ஓரத்தில் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டரும் மூன்று முறையும் ஒரே தீர்ப்பைச் சொன்னது: வால்வ் லிஃப்ட் கோளாறு.

புதிய பாகங்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த காப்பீட்டு நிறுவனம் அலுத்துப்போய் ஒரு சர்வேயரை அனுப்பி வைத்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவருக்கு அலுவலகத்தில் ‘அதுக்கு முன்னாடி’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது அந்த ஒரு கேள்விதான். கணவர் சட்டையில் கறை பட்டுவிட்டது என்றாலும் அதைத்தான் கேட்பார் என்று சக ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். அது பொய்யில்லை.

ஒர்க்‌ஷாப் முதலாளி அவரைத் தன் கண்ணாடி அறை வாசலிலேயே எதிர்கொண்டார். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. சேர்மன் என்று சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்புவரை சோபா விற்றுக்கொண்டிருந்தவர். காரைப் பற்றி அவருக்கு ஐயம் திரிபறத் தெரிந்தது இருக்கைகளை மட்டுமே.

“காரணம் கண்டுபிடிச்சாச்சு மேடம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்,” என்றார்.

“என்ன காரணம்?”

“துரோகம்.”

சர்வேயர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சேர்மனின் மாப்பிள்ளை கையில் தொடுதிரையோடு முன்னால் வந்தார். சர்வீஸ் டைரக்டர் என்பது மாமனார் கொடுத்த சீர். “ஆயில் வழியைத் திறந்து விடுற சோலினாய்டை முதல் சர்வீசுல ஒண்ணு, அப்புறம் வண்டி நின்னு வந்தப்பல்லாம் ஒண்ணுன்னு மூணு தடவை புதுசா போட்டிருக்கோம். மூணும் ஃபெயிலியர். ஒரிஜினல்னா ஃபெயில் ஆகாது. அப்ப போட்டது டூப்ளிகேட். ஒரிஜினலை யாரோ வெளியில வித்திருக்காங்க. போட்டது யாரு? எங்க ஹெட் மெக்கானிக். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்.”

“கம்ப்யூட்டர் திருட்டுன்னா சொல்லுச்சு?”

“அது நான் சொல்றது.”

“சாயங்காலம் போலீசுக்குப் போறோம்,” என்றார் சேர்மன். “காலையில எல்லா ஸ்டாஃபையும் கூப்பிட்டு அவன் முன்னாடியே சொல்லிட்டேன். என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தம்பி மேடம் அவன். இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல.” நியாயம் என்றபோது சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்கச் சட்டமிட்ட படங்கள். எல்லாவற்றிலும் வெள்ளைக் கையுறை போட்ட சேர்மன். ஒரு கையில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி, மறு கையில் பொன்னிற ஆயில் கேன். பக்கத்தில் பல்லைக் காட்டும் வாடிக்கையாளர். பின்னால் சிவப்புக் கம்பளம் விரித்த சாய்வு மேடை. அதில் கார் வானத்துக்குக் கிளம்புவதுபோல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

“மேடை என்னோட டிசைன். நம்மகிட்ட வந்த கார் தலை நிமிர்ந்து நிக்கணும்,” என்றார் சேர்மன்.

“நல்லா நிக்குது,” என்றார் சர்வேயர்.

ஹெட் மெக்கானிக் பின்கட்டில், கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து யாரும் அவரிடம் பேசவில்லை. எதிரே வந்தவர்கள்கூடத் திடீரென்று ஸ்பேனர் தேடப் போனார்கள்.

“மூணு தடவையும் மாத்தினது நீங்கதானா?”

“நான்தான்.”

“ஒரிஜினலை வித்தீங்களா?”

“அத்தானோட ஒர்க்‌ஷாப்ல திருடிட்டு நான் எங்க மேடம் போய் ஒளியறது? தினம் ராத்திரி சாப்பாடே அக்கா வீட்டுலதான்.” கையைத் துணியில் துடைத்தார். துணிதான் கையைவிட அழுக்காக இருந்தது. “போலீஸ்னு பேர் அடிபட்டா அப்புறம் எந்த ஒர்க்‌ஷாப்லயும் உள்ள விடமாட்டாங்க. எனக்கு வேற தொழிலும் தெரியாது.”

அன்று காலை காரிலிருந்து கழற்றியதையும் சேர்த்து, புதிதாகப் போட்ட மூன்று சோலினாய்டுகளும் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. சர்வேயர் முதலில் அவற்றில் பொறித்திருந்த எண்களைத் தொழிற்சாலையோடு போனில் ஒப்பிட்டார். மூன்றும் அசல். அடுத்து ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். ‘டக்’. இரண்டாவது, ‘டக்’. மூன்றாவதும் ‘டக்’. பிணங்கள் மூன்றும் எழுந்து உட்கார்ந்துகொண்டன.

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போயிற்று. “அப்ப திருட்டு இல்லையா?”

“இல்லை.”

“சரி. அப்ப சதி,” என்றார் சேர்மன்.

இந்த இடத்தில் வால்வ் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் மூச்சு விடும் துளைகளுக்கு மூடிதான் வால்வ். மெதுவாகப் போகும்போது அது லேசாகத் திறந்தால் போதும். வேகமெடுத்தால் அகலத் திறக்க வேண்டும். அப்படித் திறக்க வைப்பது ஆயிலின் அழுத்தம். சோலினாய்ட் கதவைத் திறக்கும், ஆயில் பாய்ந்து ஒரு சின்னப் பின்னைத் தள்ளும், வால்வ் அகலத் திறக்கும். அந்தப் பின் நகராவிட்டால் கம்ப்யூட்டர் கோளாறு என்று கத்தும். எதனால் நகரவில்லை என்று அது சொல்லாது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலரைப்போல.

வாடிக்கையாளர் அறையில் பல் டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார். “ஆடுற பல்லை விட்டுட்டு பக்கத்துப் பல்லைப் புடுங்குற கதையா இருக்கு மேடம். நான் இப்படிச் செஞ்சா என்னை உதைப்பாங்க.”

“விளக்கு எப்ப எரிஞ்சது?”

“வண்டி எடுத்துட்டுப் போய் முதல் மேம்பாலம் ஏறும்போதே.”

“அதுக்கு முன்னாடி?”

“இங்க கை தட்டினாங்க. போட்டோ எடுத்தாங்க. நான் பல்லு தெரியச் சிரிச்சேன், நம்ம தொழில் அப்படி. மூணு தடவையும் அதே கூத்துதான்.”

திரும்பி வந்தபோது ஊழியர் ஒருவர் காருக்கு அடியில் படுத்து ஆயிலை வடிக்கத் தயாராக இருந்தார். இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் செய்யும் முதல் வேலை அது. வடியும் ஆயில் குழாய் வழியாக நேரே கழிவுத் தொட்டிக்குப் போய்விடும்.

“தொடாதீங்க,” என்றார் சர்வேயர். “ஏற்கெனவே ரெண்டு தடவை தடயத்தைத் தொட்டியில ஊத்திட்டீங்க.”

காலையில் கழற்றிய சோலினாய்டையே திரும்பப் போடவும், காரைச் சமதரையில் தள்ளி நிறுத்தவும் சொல்லி, அளவுக் கம்பியை உருவினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, நன்றாக முடுக்கச் சொல்லி, அணைத்துவிட்டு மறுபடியும் உருவினார். கம்பியில் வந்தது ஆயில் இல்லை. பழுப்பு நுரை.

“ஆயில் அதிகமானா சுத்துற கிராங்க் அதுல முங்கி, மத்து மாதிரி கடைஞ்சுடும். காத்து கலந்த ஆயிலுக்கு அழுத்தம் ஏது? நுரையை வெச்சு பின்னைத் தள்ள முடியாது.”

அதிகப்படி ஆயிலை அவரே ஜாடியில் வடித்தார். கம்பியில் அளவு சரியானதும் கோளாறுக் குறிப்பை அழித்துவிட்டு, மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லி மேம்பாலத்துக்குப் போனார்கள். கார் சீறிக்கொண்டு ஏறியது. விளக்கு எரியவில்லை. ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்து இறங்கும்போதே தெம்பாக இருந்தார். “அப்ப அதிகமா ஊத்தினது சின்ன மாமாதான். ஆயில் ஊத்துறது அவர் வேலை.”

ஹெட் மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தார். “நான் அளந்துதான் ஊத்தினேன்.”

“வண்டி கோளாறாகித் திரும்பி வந்தப்ப கம்பியை உருவிப் பாத்தீங்களா?” என்று சர்வேயர் கேட்டார்.

“இல்ல மேடம். ஊத்தினதே நான்தான். என் அளவை நானே எதுக்குச் சந்தேகப்படணும்?”

அந்தப் பதில் அவருக்குச் சாதகமாக இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. சேர்மன் போனை எடுத்து, தெரிந்த இன்ஸ்பெக்டரின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

“ஒரு நிமிஷம் சார். வேலை முடிஞ்சதும் ஓட்டிப் பாத்தது யாரு?”

“நானும் சின்ன மாமாவும்,” என்றார் மாப்பிள்ளை. “இதே மேம்பாலம். மூணு தடவையும்.”

“விளக்கு எரிஞ்சதா?”

“இல்ல.”

“அப்ப இங்கிருந்து மேம்பாலம் போய் வர்ற வரைக்கும் ஆயில் சரியா இருந்திருக்கு. இந்த இன்ஜின் வேற யார்கிட்ட இருக்கு?”

ஹெட் மெக்கானிக் பதில் சொன்னார். “பார்சல் கம்பெனி வண்டிங்க எல்லாமே இதுதான். நான்தான் பாக்குறேன். பின் கேட்ல சாவியை வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு புகார் இல்ல.”

“புகார் வந்தது யாருக்கெல்லாம்?”

மாப்பிள்ளை திரையைத் தடவினார். “டாக்டருக்கு. அப்புறம் ஒரு வக்கீலுக்கு. ரெண்டு பேரும் பிளாட்டினம் கஸ்டமர்ஸ். வக்கீல் வண்டி முந்தாநாள்தான் ரெண்டாவது தடவையா ரெடி பண்ணி அனுப்பினோம்.”

“ஓட்டிப் பாத்ததுக்கு அப்புறம், ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி, வண்டி எங்க நிக்கும்?”

“மேடையில. கிரீஸ் சட்டைக்காரங்க யாரும் அங்க கால் வைக்கக் கூடாதுன்னு மாமா ஆர்டர். கம்பளம் வீணாயிடும்.”

சர்வேயர் சேர்மன் பக்கம் திரும்பினார். “சார், உங்க ஒப்படைப்பு விழாவை நான் பாத்ததே இல்லை. டாக்டர் வண்டிக்கு இப்ப ஒண்ணு நடத்தலாமா?”

இப்படிப்பட்ட வேண்டுகோளை மறுக்கச் சேர்மனுக்கு மனம் வராது. போன் பாக்கெட்டுக்குள் போயிற்று. கையுறைகள் வெளியே வந்தன. கார் மேடையேறி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஊழியர்கள் கம்பளத்துக்கு வெளியே நின்று வழக்கம்போல் கை தட்டினார்கள். மாப்பிள்ளை கேமராவைப் பிடித்தார். சேர்மன் பானெட்டைத் தூக்கி, அளவுக் கம்பியை உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“பாத்தீங்களா டாக்டர். கொஞ்சம் குறையுது. எங்க பசங்க விட்டாலும் நான் விடமாட்டேன். இது என் சொந்த அன்பளிப்பு.” பொன்னிறக் கேனின் மூடியைத் திறந்தார்.

“கேனைக் கீழ வைங்க சார்,” என்றார் சர்வேயர். “இதே வண்டியில அரை மணிக்கு முன்னாடி நான் என் கையால அளந்து சரி பண்ணினேன். சொட்டு குறையல. இப்ப உங்க கம்பியில மட்டும் எப்படிக் குறையுது?”

சேர்மன் கம்பியைப் பார்த்தார். கம்பி அவருக்கு உதவவில்லை.

“அளவுக் கம்பி இருக்கிறது இன்ஜினோட முன்பக்கம். வண்டி மூக்கைத் தூக்கினா ஆயில் மொத்தமும் பின்பக்கம் ஓடிடும், கம்பிக்கு எட்டாது. எந்த வண்டியை இந்த மேடையில ஏத்தினாலும் ஆயில் குறையற மாதிரிதான் தெரியும். நீங்க கோடு தொடுற வரைக்கும் ஊத்துவீங்க. கீழ இறங்கினதும் அது எக்கச்சக்கமாயிடும். மேம்பாலம் ஏறினா நுரை. பார்சல் வண்டிக்கு உங்க அன்பளிப்பு கிடைக்காததால அது நல்லா ஓடுது. அளவு தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல நின்னிருந்தா முதல் நாளே கையைப் பிடிச்சிருப்பார். அவரைக் கம்பளத்துல ஏறவிடல. திருட்டும் இல்லை, சதியும் இல்லை சார். ஊத்தினது நீங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கும்போது அவருடைய தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

“மேடை கட்டினது கான்ட்ராக்டர்,” என்றார் சேர்மன் கடைசியில்.

“டிசைன் உங்களுதுன்னு சொன்னீங்க.”

கையுறைகளைக் கழற்றியபடி சேர்மன் சர்வேயரின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “ரிப்போர்ட்ல பொதுவா, மனிதத் தவறுன்னு போட்டுடுங்களேன்.”

“எந்த மனிதர்னு கேப்பாங்க சார். நீங்க சொல்லலைன்னா காலையில நீங்க சொன்ன பேர்தான் நிக்கும்.”

ஹெட் மெக்கானிக் கம்பளத்தின் விளிம்புவரை வந்தார். அதற்குமேல் வரவில்லை. “போலீசுக்குப் போறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க அத்தான். இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க.”

சேர்மன் தொண்டையைச் செருமினார். “நம் நிறுவனம் மேற்கொண்ட தீவிரமான தொழில்நுட்ப ஆய்வின் விளைவாக...”

“அத்தான்.”

“அவன் மேல தப்பில்லை,” என்றார் சேர்மன். ஊழியர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் காத்திருந்தார்கள். “தப்பு என்னுது.”

ஹெட் மெக்கானிக் தலையசைத்தார். மன்னித்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. அவர் மனம் வேறெங்கோ இருந்தது. “வக்கீல் வண்டி முந்தாநாள் இந்த மேடையில இருந்துதான் போச்சு. இப்ப எங்கயாவது வேகமா ஓட்டிட்டிருப்பார். உடனே கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. நானே போய் ஆயிலை வடிச்சிட்டு வரேன்.”

“நீயே பேசிடேன் மச்சான்.”

“காலையில என்னைத் திருடன்னு அவர்கிட்டயும் போன்ல சொன்னீங்களே, என் காதுல விழுந்தது. நான் பேசினா நம்புவாரா?”

மாப்பிள்ளை எண்ணைப் போட்டு, மணி அடிக்கும் போனை மாமனார் கையில் திணித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். மறுமுனையில் வக்கீல் எடுத்த எடுப்பில், யார் பேசுவது என்று கேட்டார்.

சேர்மன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். ஒருவரும் ஸ்பேனர் தேடப் போகவில்லை.

“உங்க வண்டியில ஆயில் ஊத்தினவன் பேசுறேன் சார்,” என்றார்.