காலியக்கா

எகிப்திலுள்ள விடுதி திருப்பி அனுப்பிய அறைப் பட்டியலில், கடைசி அறைக்கு நேரே அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. 'இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போடவும்.'

விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி. அந்தச் சின்னச் சுற்றுலா அலுவலகத்தில் அவளைத் தவிர யாருமில்லை. ஏசியிலிருந்து கசிந்த தண்ணீர் மூலையில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டரின் சூட்டு வாடையும் தரைவிரிப்பின் ஈர வாடையும் கலந்து அடைத்த அறை முழுக்க நின்றன. ஜன்னல் பட்டைகளின் வழியே விழுந்த வெயில் காலி நாற்காலிகளின் மேல் கோடு கோடாகக் கிடந்தது. அந்த வரியை அவள் மறுபடியும் படித்தாள். தூக்கக் கலக்கத்தில் நாமே தட்டியிருப்போமோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஆற்றங்கரையில் பழைய கோயில்கள் நிறைந்த அந்த எகிப்து நகரத்துக்குப் பதினொரு பெண்கள், எட்டு நாள் பயணம். கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. விடுதிக்காரர்கள் அறைக்கு இரண்டு பேர் என்றுதான் கொடுப்பார்கள். ஆள் ஒன்று குறைந்தால், அலுவலகத்தார் இல்லாத ஒருத்தரின் பெயரை எழுதி அறையைப் பிடித்து வைப்பார்கள். கடைசி வாரத்தில் 'பயணி வரவில்லை' என்று எழுதிப் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த அலுவலகத்தில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அவளும் வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதினாள். வயது நாற்பத்தொன்று, பிறந்த தேதி ஜனவரி ஒன்று, ஜன்னலோர இருக்கை. ஒவ்வொரு தடவையும் புதுப்பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அதையே போட்டு வந்தாள். அலுவலகத்தில் அந்தப் பெயருக்குக் காலியக்கா என்று செல்லப்பெயரே வந்துவிட்டது. ஊர் ஊராக டிக்கெட் போட்டு ஒரு ஊரையும் பார்க்காத மகராசி என்று முதலாளி கிண்டலடிப்பார்.

இந்தத் தடவை அந்தப் பதினொன்றில் ஒருத்தி அவளுடைய தங்கை. கணவன் இறந்து இரண்டு வருடமாக அக்கா வீட்டில், ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் கிடந்தவள். ஒரு நாள் டிவியில் அந்தக் கோயில் தூண்களைப் பார்த்துவிட்டு, "அதுக்கு நடுவுல போய் நின்னுட்டு வரணும்க்கா" என்றாள். அதைக் கேட்டு அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களோடு படுக்கத் தங்கைக்குப் பயம் என்பதால், அவளைக் காலியக்காவோடு சேர்த்து எழுதினாள். பிறகு பெயரை அடித்துவிட்டால் அறை தங்கைக்கு மட்டும் என்பது கணக்கு. விடுதியின் படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் மேலே போக முடியவில்லை. 'அக்கா' என்று தட்டினாள்.

இப்போது தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"கட்டிலைச் சேர்த்துப் போடணும்னு நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எதுக்குக்கா சொல்றேன்? எனக்கு அவங்க நம்பரே தெரியாது."

"சரி. சாப்பிட்டியா?"

"ஆச்சு. பெட்டியை மூணாவது தடவையா அடுக்கறேன். சிரிக்காத."

அந்தக் குரலில் இருந்த உற்சாகம் அவளுக்குத் தெம்பு தந்தது. வழக்கத்துக்கு முன்னாலேயே காலியக்காவின் பெயரை அடித்து அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மன்னிக்கவும், அந்தப் பயணியே இன்று காலை தொலைபேசியில் பேசி வருகையை உறுதி செய்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். பல தடவை தன் பெயரை அடித்துவிட்டார்கள் என்றும், இந்தத் தடவை தனக்கென்று ஒரு தங்கை இருப்பதால் கட்டாயம் வருவேன் என்றும் சொன்னாராம்.

முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், காலியக்கா பேர்ல ஹோட்டலுக்குப் பேசினது நீங்களா? விளையாடாதீங்க சார்."

"லீவு நாள்ல ஆபீஸ்ல உக்காந்தா மண்டை இப்படித்தான் குழம்பும்மா. பாவம், போனா போயிட்டு வரட்டுமே. ஏழு வருஷமா காத்திருக்காங்க இல்ல?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்தபோது பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது போலிருந்தது. திரும்பினாள். வெயில் கோடுகள் மட்டும்தான்.

பயணத் திட்டத்தைத் திறந்தாள். மூன்றாம் நாள், பெரிய கோயிலின் உள்ளறை. ஜன்னல் இல்லாத, நாலடி அகல அறை. வழிகாட்டி இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார் என்று அவளே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, அதே எழுத்தில், புதிதாக ஒரு வரி.

'முதலில் நானும் என் தங்கையும்.'

அழித்தாள். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்த பிறகும் விசைகள் தட்டும் சத்தம் ஒரு நொடி கேட்டது. திரும்பும் விமானத்தின் பட்டியலைத் திறந்தாள். பதினொரு பெயர்கள் இருந்தன. ஜன்னலோர இருக்கையில் காலியக்கா. கீழே, தனியாக, தங்கையின் பெயர். அதற்கு நேரே இரண்டு சொற்கள்.

'பயணி வரவில்லை.'

வாளியில் சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

பையை எடுத்தாள். சாவியை எடுத்தாள். சாவி விழுந்தது. வீடியோவில் தங்கையைக் கூப்பிட்டாள். மணி ஒரு தடவை அடித்தது. இரண்டு. மூன்று. எடு. எடுத்துத் தொலை.

எடுத்தாள். பகல் வெளிச்சத்தில் தங்கையின் முகம். நன்றாகத்தான் இருந்தாள். உயிர் வந்தது.

"உடனே வெளிய வா. பெட்டியை விடு. பக்கத்து வீட்டுக்குப் போ. நீ எங்கயும் போக வேண்டாம், சொல்றதைக் கேளு!"

தங்கை மரியாதையாகப் பார்த்தாள். "யாருங்க? டிராவல்ஸ்லேருந்தா?"

"ஏய், நான்டி. அக்கா."

தங்கை சங்கடத்தோடு சிரித்தாள். "மாத்திக் கூப்பிட்டுட்டீங்க போல மேடம். எங்க அக்கா இங்கதான் இருக்காங்க. எனக்குத் தலை பின்னிட்டிருக்காங்க."

"அங்க யாரும் இல்லைடி!"

தங்கை போனை மேஜையில் சாய்த்து வைத்தாள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

பின்னால் சுவர். ஜன்னல். மூடிய பெட்டி. வேறு யாருமில்லை.

கூந்தல் மட்டும் அந்தரத்தில் நின்றது. மூன்று கால்களாகப் பிரிந்து. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியது. மூன்றாவது அடியில் நுழைந்தது. நிதானமாக. ஆசை ஆசையாக. கைகள் இல்லை.

அவள் கத்தினாள். தங்கையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள்.

தங்கை திரும்பவில்லை.

பின்னல் நுனிக்கு வந்தது. ஒரு இழுப்பு. தங்கையின் மோவாய் மேலே எழுந்தது. இன்னொரு இழுப்பு. கண்கள் கூரையைப் பார்த்தன.

"மெதுவாக்கா," என்றாள் தங்கை, செல்லமாக.

பின்னல் இறுகிக்கொண்டே போனது. கழுத்து பின்னால் வளைந்தது. இன்னும் வளைந்தது. தலைகீழாகத் தொங்கிய அந்த முகம், சின்ன வயதில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்போடு, யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.