மெத்தை மேல் ஒரு பிணம்!

ஷட்டரைத் தூக்கியதும், கடை பெருக்க வந்த அம்மா வீலென்று அலறினாள்.

கடைக்காரி ஓடி வந்து பார்த்தாள்.

கண்ணாடி ஷோகேஸில், புத்தம்புது மெத்தை மேல், தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு... ஒரு ஆள்!

அசைவே இல்லை.

அவள் போலீசுக்குப் போன் போட்டாள். சாக வேறு நாளே கிடைக்கவில்லையா இந்த ஆளுக்கு? புது லாட்ஜ் முதலாளி இன்று மெத்தை பார்க்க வருகிறார். அத்தனை அறைக்குமான ஆர்டர் கிடைத்தால் கடை தப்பும். எதிர்க்கடைக்குப் போய்விட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

எதிர்க்கடை அவள் கொழுந்தனுடையது. அண்ணன் இறந்ததும் பங்கு பிரித்துக்கொண்டு எதிரிலேயே கடை போட்டவன். இரண்டு கடைக்கும் ஒரே கம்பெனி சரக்கு, கம்பெனி போட்ட ஒரே விலை. விலையில் மோத வழியில்லாததால் மற்ற எல்லாவற்றிலும் மோதினார்கள். அவன் தலையணை இலவசம் என்றான். இவள் போர்வையையும் சேர்த்துக் கொடுத்தாள். அவன் வீட்டு வாசல் வரை டெலிவரி என்றான். இவள் மாடிக்கே என்றாள். கடைசியாக ஷோகேஸுக்கு மேல் ஒரு போர்டு வைத்தாள்.

'படுத்தால் எழுந்திருக்க மனசே வராது!'

இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியே கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. அதில் லாட்ஜ் முதலாளியும்!

போச்சு... எல்லாம் போச்சு.

இன்ஸ்பெக்டர் போர்டை நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா, ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு தூரம் போகணுமா?"

"சத்தியமா இது யாருன்னே தெரியாது சார்..."

அவர் போர்வையை விலக்கினார்.

கொர்ர்ர்ர்...

பிணம் குறட்டை விட்டது! கையில் பிளேடு. முகம்... கொழுந்தன்!

உலுக்கிய உலுக்கலில் எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தான். கூட்டுக் கடையாக இருந்த காலத்துப் பின்கதவுச் சாவி இன்னும் அவனிடம் இருந்திருக்கிறது.

"மெத்தையைக் கிழிக்கத்தான் சார் வந்தேன். ஆர்டர் கவலையில ஒரு வாரமா பொட்டுத் தூக்கம் இல்ல. அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு சும்மா ஒரு நிமிஷம் சாஞ்சேன்..."

லாட்ஜ் முதலாளி உள்ளே வந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

"ஆர்டர் உங்களுக்குத்தாம்மா."

கொழுந்தன் பதறிப்போனான். "சார், என் கடையிலயும் இதே மெத்தைதான்! அதே கம்பெனி, அதே பஞ்சு!"

"அப்போ அங்க ஏன் ஒரு வாரமா தூக்கம் வரல?"



புகார் எழுதித் தருகிறாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கடைக்காரி வெளியே ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, போர்வையை எடுத்து உதறினாள்.

"கொழுந்தனாரே, இன்னும் கொஞ்ச நேரம் படுங்க... கூட்டம் கலையுது!"