சாயமில்லாத குரல்

“சாளை. விடியக்காலம் பிடிச்சது. கிலோ முந்நூறு” என்றாள் எமிலி. அவ்வளவுதான். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இதே எமிலியின் வாய்க்குப் பயந்து ஆட்கள் சுற்றுவழியில் போவார்கள். தப்பித்தவறி மாட்டினால் வேண்டாத மீனை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் திட்டு வாங்குவார்கள்.

“மீன் நல்லாருக்குமா?”

“நல்லாருக்குன்னு நான் சொன்னா உன் காதுல தட்டும். செவுளத் தூக்கி நீயே பாத்துக்க தங்கச்சி.”

தங்கச்சி என்றதும் என் காதுக்குள் ‘டொக்’ என்று ஒரு தட்டு. உறவுச் சாயம். எமிலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வாய் தவறி வந்துட்டு, தப்பா எடுத்துக்காத” என்றாள். நான் சிரித்துவிட்டு அரைக்கிலோ போடச் சொன்னேன்.

எல்லா ஊரிலும் இப்போது பேச்சு இப்படித்தான். காதுக்குள் துவரம்பருப்பு அளவில் ஒட்டியிருக்கும் அந்தக் கருவிக்குச் சாயமானி என்று பெயர். கடைக்காரர்கள் டின்ட் மீட்டர் என்பார்கள். யாராவது பேசியே நம் மனதைத் திருப்பப் பார்த்தால் அது தட்டும். பயங்காட்டினால் அச்சச் சாயம். இப்பவே, உடனே என்று விரட்டினால் அவசரச் சாயம். பெரிய மனிதர் யாரையாவது துணைக்கு இழுத்தால் பெயர்ச் சாயம். சொன்னதையே மாற்றி மாற்றி அடுக்கினாலும் தட்டும், பதில் எதிர்பார்க்காமல் கேள்வி கேட்டாலும் தட்டும். தட்டுகள் சேரச் சேர, பேசுகிறவரின் குரல் மங்கிக்கொண்டே போகும். கடைசியில் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். சாயமில்லாமல் பேசினால்தான் குரல் மறுபடி கேட்கும்.

இதை யாரும் எங்கள் மேல் திணிக்கவில்லை. குரல் திருட்டு நடந்த வருஷங்களில் நாங்களே வரிசையில் நின்று வாங்கி மாட்டிக்கொண்டோம். அப்போது இயந்திரங்கள் பெற்ற தாயின் குரலில் அழுதன, பிள்ளையின் குரலில் கெஞ்சின. என் தம்பி ஜெரோமுக்கு வந்தது என் குரல். என்னை யாரோ அடைத்துவைத்திருப்பதாக ஃபோனில் கதறியிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் அவன் அப்பாவின் மீன்பிடி போட்டை எவனுக்கோ எழுதிக்கொடுத்துவிட்டான். நான் வீட்டில் நிம்மதியாக மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நான் ஃபோன் செய்தால் எடுக்க மாட்டான். எதுவானாலும் நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்.

எனக்கு மொழிச் சோதனை நிலையத்தில் வேலை. பொது அறிவிப்பு எதுவானாலும் எங்களிடம் வந்து, சாயம் இல்லை என்று வெள்ளை முத்திரை வாங்கித்தான் வெளியே போக வேண்டும். சாயமானி உண்மை பொய் பார்க்காது, சொல்லும் விதத்தை மட்டும் பார்க்கும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். வெளியே ஒரு ஆளுக்கும் இந்தப் பாடம் ஞாபகம் இல்லை. தட்டவில்லையா, அப்போது உண்மைதான். ஊர் இப்படி ஆகிப் பல வருஷம் ஆயிற்று.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒரு அறிவிப்பு வந்தது.

‘எரிவாயுக் கிடங்கின் மூன்றாம் தொட்டியில் அழுத்தம் வரம்புக்குள் இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. குடியிருப்போர் வீடுகளுக்குள் இருக்கவும். ஜன்னல்களை மூடிவைக்கவும்.’

கிடங்கை ஒட்டிய குடியிருப்பில்தான் ஜெரோம் இருக்கிறான், மனைவி பிலோவோடும் கைக்குழந்தையோடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே படித்தேன். சோதனை இயந்திரம் ஒரு தட்டும் தட்டவில்லை. பால் மாதிரி வெள்ளை. ஆனால் நான் இன்னொரு தடவை படித்தேன். கண்டறியப்பட்டுள்ளது என்றால் கண்டறிந்தது யார்? எப்போது? வரம்பு யார் வைத்த வரம்பு? எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஜன்னலை எதற்கு மூட வேண்டும்? தொட்டி வெடித்தால் கண்ணாடி தெறிக்கும் என்பதற்குத்தானே!

மேலாளர் ஞானதிரவியத்திடம் கொண்டுபோனேன்.

“இதுல ஆள் இல்ல சார். யார் அளந்தாங்கன்னு இல்ல, எப்போன்னு இல்ல. சொல்லாம விட்டதெல்லாம்தான் இதுல விஷயமே.”

“சொல்லாம விட்டது எந்தச் சாயம் கிளாடிஸ்?”

“அதுக்குச் சாயம் கிடையாது சார்.”

“பிறகு என்ன? ஊர் கலவரப்படாம வீட்டுக்குள்ள இருக்கட்டும்னு ஒரு வரி. முத்திரையைப் போடுங்க.”

நான் போடவில்லை. அவரே கையை நீட்டிப் போட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் காதில் எதுவும் தட்டவில்லை, அவ்வளவுதான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு தானோட்டி ஆட்டோவைப் பிடித்தேன்.

பாலத்தைத் தாண்டும்போதே குடியிருப்பின் ஜன்னல்கள் சாத்தப்படுவது தெரிந்தது. சொன்னபடி கேட்கும் சனங்கள். ஆட்டோவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். ஜெரோம் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“யக்கா! என்ன இந்நேரத்துல?”

“எந்திரில. பிலோவக் கூப்பிடு. கிளம்புங்க, இந்த இடம் சரியில்ல.”

அவன் புருவம் சுருங்கியது. அவன் காதில் தட்டியிருக்கிறது. நான் மூச்சை இழுத்து நிதானப்படுத்திக்கொண்டேன். தொழில் தெரிந்தவள் இல்லையா, வெள்ளையாகச் சொல்ல எனக்குத் தெரியாதா? அறிவிப்பில் ஆள் இல்லை என்றேன், நேரம் இல்லை என்றேன், ஜன்னல் விஷயத்தைச் சொன்னேன்.

“அழுத்தம் கூடியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியாது.”

“யாராவது சொன்னாவளா?”

“இல்ல. எனக்கு அப்படித் தோணுது.”

“முத்திரை போட்ட அறிவிப்பு வந்திருக்குக்கா. எனக்கு ஒரு தட்டும் தட்டல. நீ வந்ததிலிருந்து தட்டிக்கிட்டேதான் இருக்கு.”

அவன் முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒருமுறை சூடுபட்டவன், நியாயமாகத்தான் பேசுகிறான். என்னிடம் இருந்ததோ வெறும் சந்தேகம். என் நிதானம் போய்விட்டது. “ஏல, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கன உக்காந்திருக்கியே! உனக்கு நான் யாரு? நான் உன்ன வளக்கலையா? அந்தத் தொட்டி போச்சுன்னா...” என்று அழ ஆரம்பித்தேன். ஜெரோம் தலையைச் சாய்த்து, தூரத்தில் எங்கோ பேசும் பேச்சைக் கேட்கிறவன் மாதிரி என் வாயையே பார்த்தான். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“அதக் காதுலயிருந்து கழட்டு!” என்று சைகையோடு கத்தினேன்.

அப்போதுதான் அவன் முகம் மாறியது. சாயமானியைக் கழற்றச் சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்று தெருவுக்குத் தெரு எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனான். பிலோ அடுக்களை வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கண்ணைத் துடைத்தேன். எனக்குள் ஏதோ குளிர்ந்துபோனது. ஆபீஸில் மாதிரி அறிவிப்பு வாசிக்கும் குரலில், மேலும் கீழும் போகாமல் சொன்னேன்.

“அம்மா குளியலறையில விழுந்துட்டா. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. பெரியாஸ்பத்திரியில இருக்கா.”

ஜெரோம் தட்டுக்குக் காத்திருந்தான். தட்டவில்லை.

“ஐயோ, இத முதல்லயே சொல்லாம என்னக்கா நீ!” என்று அவன் பாய்ந்த வேகத்தில் கிலுகிலுப்பை காலில் பட்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. பிலோ துண்டில் குழந்தையைச் சுற்றினாள். அடுத்த நிமிஷம் ஆட்டோவில் இருந்தோம். அம்மாவோ அந்நேரம் வீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்திருப்பாள்.

பாலம் ஏறி இறங்கும் இடத்தில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நூறு குக்கர் ஒன்றாகக் கூவுகிற விசில். திரும்பிப் பார்த்தோம். மூன்றாம் தொட்டியின் தலையில் வெள்ளைப் புகை தூணாக நின்றது. குடியிருப்பில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஜெரோம் கீழே குதித்து, பக்கத்து வீட்டு ஆரோக்கியத்துக்கு ஃபோன் போட்டான்.

“ஆரோக்கியம், வெளிய வா! எல்லாரையும் கூட்டிட்டு ஓடி வா! தொட்டி வெடிக்கப் போவுதுல!”

ஆரோக்கியத்தின் குரல் நிதானமாக வந்தது. “ஜெரோமு, உன் சத்தம் மங்குது. விசில் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்னு இப்பதான் அறிவிப்பு வந்துச்சு. என்ன விஷயம், வெள்ளையா சொல்லு.”

ஜெரோம் இன்னும் சத்தமாகக் கத்தினான். கத்தக் கத்த அங்கே அவன் குரல் அழிந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வை என் முகத்திலேயே நின்றது. நான் அவனிடம் எப்படிச் சொன்னேன், அவன் எப்படிக் கிளம்பி வந்தான் என்பதெல்லாம் அவனுக்குள் ஒன்று சேர்ந்தது. ஃபோனை என்னிடம் நீட்டினான்.

“எனக்குச் சொன்ன மாதிரி சொல்லுக்கா.”

“இவனுக்கு யாரு மேல உசுரு?” என்றேன், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

“மக ஸ்டெஃபி. டியூஷன் போயிருப்பா.”

“ஆரோக்கியம். உன் மக ஸ்டெஃபி பாலத்துல விழுந்து கிடக்கா. கால்ல அடி” என்றேன். கீழே ஒரு கதவு திறந்தது. ஆரோக்கியமும் அவன் மனைவியும் செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள்.

“அடுத்தது?”

“ராயன். அவனுக்கு ஆடுதான் எல்லாம்.”

“ராயன். உன் ஆடு கயித்த அத்துக்கிட்டுப் பாலத்துல நிக்கி. வண்டிக்காரன் தூக்கப் பாக்கான்.”

கதவு திறந்தது. ஜெரோம் பெயரைச் சொல்லி, அவரவர் எதற்கு உருகுவார் என்று சொல்வான். நான் அதை எடுத்து, உப்பில்லாத குரலில் பொய்யாக்கிக் கொடுப்பேன். கேட்கிறவன் மனசு எங்கே இளகும் என்று தெரிந்துகொள், பிறகு வாயைத் திற: பேச்சில் மிகப் பழைய வித்தை அதுதான். அதைப் பிடிக்கத்தான் இந்தக் கருவியே வந்தது. கருவி சும்மா இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் பொய் எனக்குச் சுலபமாக வந்தது, யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

பாலத்தில் கூட்டம் சேர்ந்தது. என் மக எங்கே, என் ஆடு எங்கே என்று கேட்டு என்னை உலுக்கினார்கள். நான் அடுத்த வீட்டை அழைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தொட்டி வெடித்தது.

காற்று எங்களைத் தூக்கித் தரையில் அடித்தது. எழுந்து பார்க்கும்போது முதல் மூன்று வரிசை வீடுகள் இருந்த இடத்தில் தீ மட்டும்தான் இருந்தது. நான் பேசி முடித்த வீடுகளின் ஆட்கள் பாலத்தில் கிடந்தார்கள், உயிரோடு. மற்ற வீடுகளில் ஜன்னலை மூடிவிட்டு உள்ளே இருந்திருக்கிறார்கள். கடைசியாக நான் அழைத்த எண்ணில் மணி அடிப்பதும் நின்றுவிட்டிருந்தது.

ஜெரோம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மார்பில் வீறிட்டு அழுதது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா எப்படி இருக்கா?” என்றான்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அவ விழவே இல்ல. வீட்டுல இருக்கா.”

அவன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். தட்டவில்லை போலிருக்கிறது.

“அப்பவும் தட்டல” என்றான் மெதுவாக. “இப்பவும் தட்டல.”

“ஜெரோமு, இது நிசம்ல.”

“இருக்கும்க்கா. எங்க மூணு பேரையும் நீதான் காப்பாத்தின, அது எனக்குத் தெரியும். சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனா நீ அந்த வீடுகளுக்குப் பேசினத பக்கத்துல நின்னு கேட்டேன். இனிமே நீ என்ன சொன்னாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கும்.”

அழுதால் அவன் காதில் மங்கிவிடுவேன். அழாமல் சொன்னால் அதே குரல். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதையாவது வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

“பிலோ, பிள்ளைய நீ வாங்கு” என்றான் ஜெரோம்.

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள்.