மேய்கிற குரல்

சின்னக் கோட்டான் கூவியது. ஏழு சத்தத்தின் நடுவே, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில், அது மூச்சு வாங்கியது.

தாழம்புதருக்குள் குந்தியிருந்த குப்பம்மா தலையை நிமிர்த்தினாள். பறவை அப்படி மூச்சு வாங்காது. விடிந்து வெகுநேரமாகியும் மார்கழிப் பனி ஏரிமேல் விலகாமல் கிடந்தது. அழுகிய தாழை மடலும் ஈரச் சேலையும் பிள்ளைகளின் மூத்திரமும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம்கூடப் பக்கத்தில் யாரோ அடியெடுத்து வைத்ததுபோல அங்கே ஒளிந்திருந்த எல்லோரையும் உலுக்கியது.

பசியாவரம் ஊரில் பறவை பிடிக்கிற வீடு அவளுடையதுதான். புருஷன் சிங்காரம் பிடித்துக் கொடுக்கும் பறவைகள் ஒல்லாந்தத் துரைமாரின் கோட்டைச் சமையலறைக்குப் போகும். கோட்டான் என்று அவர்கள் சொல்வது ஆந்தையை அல்ல, அலகு வளைந்த சேற்றுப் பறவையை. பெரிய கோட்டானும் சின்னக் கோட்டானும் சேற்றில் ஒன்றாகவே மேயும். சட்டென்று பிரித்துச் சொல்ல ஊரில் அவர்கள் இருவரால்தான் முடியும். பெரியதுக்கு அலகு நீளம். சின்னதுக்கு உச்சந்தலையில் வகிடு எடுத்தாற்போல ஒரு வெளிறிய கோடு. பனியில் அதெல்லாம் எடுபடாது, காதுதான் துணை. பெரியது இழுத்து மேலேற்றிக் கூவும். சின்னது ஏழு சத்தத்தையும் ஒரே அளவாக, ஒரே மூச்சில் கொட்டும். சிங்காரம் அதை அச்சு அசலாகக் கூவுவான். இடையில் வரும் மூச்சு ஒன்றுதான் வித்தியாசம். அது பறவைகளுக்கே தெரியாது, குப்பம்மாவுக்குத் தெரியும்.

அதனால்தான் அதை அடையாளமாக வைத்தார்கள். அது பஞ்ச வருஷம். முகத்துவாரத்துக்கு வெளியே ஒல்லாந்தர் கப்பல்கள் நின்றன. அவற்றில் அடிமைகளாக ஏற்ற ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள், கரையோரத்தில் அகப்பட்டவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். போனவர் எவரும் திரும்பவில்லை. ஊர் ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள், சிங்காரம் தவிர மீதிப்பேர் பிழைப்புத் தேடித் தெற்கே போய்விட்டார்கள். தரகர் படகு வருகிறது என்று பேச்சு கிளம்பியதும், பெண்களும் பிள்ளைகளும் இந்தத் திட்டில் வந்து ஒளிந்தார்கள். சிங்காரம் நோட்டம் பார்க்கப் போனான்.

“படகு போனப்புறம் கூவறேன். என் மூச்சு கேட்டா வெளிய வாங்க. வேற எத்தையும் நம்பாதீங்க” என்றவன், மகள் அம்மணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, கூரையில் செருகியிருந்த ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டிருந்தான். குப்பம்மா பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. பார்வைப் பறவைக்கான ஊசி அது. உயிரோடு பிடித்த கோட்டானின் இமைகளைத் தைத்து, சேற்றில் முளையடித்துக் கட்டிவிட்டால், அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருக்கும். அதை நம்பி அதன் இனமெல்லாம் வலைமேல் வந்து இறங்கும். அவன் தைக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “இன்னாத்துக்கு இந்தப் பாவம்?” என்று ஒருமுறை கேட்டாள். “கண்ணு தெரிஞ்சா எது தன் ஜனத்தைக் கூப்புடும், குப்பு?” என்று சிரித்தான்.

மறுபடியும் கூவல், மறுபடியும் நடுவில் அந்த மூச்சு.

“அவருதான்!” குப்பம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “படகு போயிடுச்சு. எழுந்திருங்க.”

பக்கத்து வீட்டு எல்லம்மா நகரவில்லை. “நல்லா கேட்டியா? கோட்டைக்குப்பத்துக்காரங்க ஒளிஞ்ச எடம் போன வாரம் தரகனுக்கு எப்டித் தெரிஞ்சுது? கோட்டைக்குப் போயி வர்ற ஆளு இங்க யாரு கீறாங்க?”

“வாயைக் கழுவு! எம் புருஷன் மூச்சு எனக்குத் தெரியாதா?”

எல்லம்மாவும் எழுந்தாள். ஊரே அந்தக் காதை நம்பித்தான் இருந்தது. குப்பம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். மற்றவர்கள் பின்னாலேயே, ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்தபடி, முழங்கால் தண்ணீரில் சலசலத்து வந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது தாழம்புதர் பனியில் மறைந்துபோயிருந்தது.

கூவல் மூன்றாவது தரம் வந்தது. இப்போது கிட்டத்தில். கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் நிதானமாக. குளிரில் உதடு மரத்திருக்கும், பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் கால் தயங்கியது.

கோட்டானுக்கு இரண்டு குரல். தலைக்குமேல் கடந்து போகும்போது பறக்கிற குரல், கூர்மையாக, விரைவாக. இரை கண்ட இடத்தில் நின்றுகொண்டு மேய்கிற குரல், தாழ்வாக, நிதானமாக. ஊருக்கு அடையாளமாக அவன் கூவிக் காட்டியது பறக்கிற குரலை. மேய்கிற குரலை அவன் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் எடுப்பான்.

வலை விரித்த பிறகு.

மனுஷனா பறவையா என்று மட்டும் பார்த்தாளே, பாவி. எந்தக் குரல் என்று பார்க்கவில்லையே.

“நில்லுங்க” என்றாள். தண்ணீரின் சலசலப்பில் யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவள்மேல் முட்டினார்கள். முட்டித் தள்ளினார்கள். இரண்டடி முன்னால் போய்விட்டாள்.

காலடியில் சேறு இல்லை.

விரல் இடுக்கில் கயிறு. முடிச்சு. இன்னொரு முடிச்சு. தண்ணீருக்கடியில் தளர்ந்து கிடக்கும் வலைக்கண்கள், நாலு பக்கமும்.

பக்கவாட்டில் துடுப்புச் சத்தம். இல்லை, துடுப்பை நிறுத்திய சத்தம். சொட்டும் தண்ணீர். அடக்கி மூச்சு விடும் பல பேர்.

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். அவளை மட்டுமா? அவள் காதைக் கொண்டே ஊரை அறுத்துவிட்டான். யாரோ கட்டிப்போட்டு அடித்துக் கூவ வைக்கிறார்கள், அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனம் கடைசியாக ஒரு தரம் அவனுக்காகக் கெஞ்சியது.

பனி கொஞ்சம் விலகியது.

முளைக்குச்சி தெரிந்தது. அதன் பக்கத்தில் சிங்காரம், சேற்றில் குந்தியபடி. தனியாக. கட்டு எதுவும் இல்லை. இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன. விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

முகம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. இமைகள் இரண்டும் மூடியிருந்தன. இமையோரம் நெடுகிலும் சின்னச் சின்னத் தையல், நெருக்கமாக, அவன் கைவாகிலேயே. மீந்த நூல் கன்னத்தில் தொங்கியது. நுனியில் ஊசி ஆடியது.

“நைனா” என்றாள் அம்மணி.

ஊசி ஒருகணம் ஆடாமல் நின்றது. அவனுக்குக் கேட்டுவிட்டது.

பிறகு உதட்டைக் குவித்தான். நான்கு சத்தம். ஒரு மூச்சு. இன்னும் தாழ்வாக, இன்னும் பிரியமாக, மிச்ச மூன்று.

அம்மணி அம்மாவின் கையை உதறிவிட்டு, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு அவனிடம் ஓடினாள். குப்பம்மாவின் காலடியில் கயிறு மெல்ல இறுகத் தொடங்கியது.