ஊருக்காகப் படித்தவள்

தலையணைக்கு அடியிலிருந்து வேதியியல் புத்தகத்தை உருவி எடுத்தாள் தேவகிருபை. மகள் ரூபிகா படுக்கையில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, மாதிரித் தேர்வு நெருங்கிட்டு. இப்பப் போயி படிக்கியே! கறை விழுந்தா என்ன செய்வ?"

தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் அப்போது இதே காவல்தான். அசல் நுழைவுத் தேர்வு ஒழிந்து பல காலமாகிவிட்டது. மாதிரித் தேர்வு மட்டும்தான். அதை எழுதும் பிள்ளையின் தலையில் எட்டுமானி என்ற மெல்லிய வலைத்தொப்பியை மாட்டுவார்கள். எந்தக் கேள்வியில் மூளை தடுமாறுகிறது, எங்கே தானாக வழி தேடுகிறது என்று பார்த்து, இந்தப் பிள்ளை ஓராண்டு படித்தால் எந்த மதிப்பெண்ணை எட்டும் என்று அது சொல்லிவிடும். அந்த மதிப்பெண்ணுக்கே கல்லூரியில் இடம். பிறகு எதற்குப் படிப்பது? முன்கூட்டிப் படித்தால் அளவு கலங்கிவிடும். அதைத்தான் கறை என்றார்கள்.

"நீயும் சாஹிதா ஆன்ட்டியும் மாதிரித் தேர்வுக்கே விழுந்து விழுந்து படிச்சீங்கன்னு நீதான சொன்ன?"

தேவகிருபையும் தோழி சாஹிதாவும் படித்தது உண்மைதான். பழைய துறைமுகத்துக்கு அருகே நூலக மாடி. உப்புக்காற்றில் புத்தகத் தாள்கள் பிசுபிசுக்கும்.

"மாதிரித் தேர்வுக்கு எவளாவது படிப்பாளா? நமக்கு என்ன தெரியலன்னு பாக்கத்தான அது" என்று முனகிக்கொண்டேதான் படிப்பாள் சாஹிதா.

"படிச்சிட்டுப் போனாத்தான், படிச்சும் எது ஏறலன்னு தெரியும்" என்பாள் இவள்.

சண்டை முற்றி, ஒரு பொட்டலம் மக்ரூனைப் பிடுங்கித் தின்பதில் முடியும். கப்பல் ஊதினால் போதும், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருவரும் ஓடுவார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு அந்த மாடிக்குப் படிக்க யாரும் வரவில்லை. வாசலில் இப்போது பூட்டு.

ரூபிகா ஒளித்து ஒளித்துப் படித்தாள். தேர்வு முடிவு வந்தபோது மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் 'அளக்க இயலாது' என்றிருந்தது.

"இனி எந்தக் காலேஜ்ல உன்னச் சேப்பாங்க? ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"பிடிச்சிருந்துச்சும்மா" என்று அழுதாள் ரூபிகா.

வேறு வழியில்லாமல் தேவகிருபை சாஹிதாவை அழைத்தாள். எட்டுமானி நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர் இப்போது அவள்தான். பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தால், சென்னையிலிருந்து அவளே கிளம்பி வந்து நின்றாள்.

"கிருபை, ஓராண்டுப் படிப்புன்னா என்னன்னு எட்டுமானிக்கு எப்படித் தெரியும்? கடைசியா ரெண்டு தேர்வும் எழுதின நம்ம செட்டுப் பிள்ளைங்களப் பாத்துத்தான் கத்துக்கிச்சு. வட்டாரத்துக்கு வட்டாரம் தனிக் கணக்கு. இந்த வட்டாரத்துல அன்னைக்குச் சோதனைத் தொப்பி போட்டுக்கிட்டது நாம ரெண்டு பேருதான். இங்க எல்லாப் பிள்ளைக்கும் அது கொஞ்சம் மார்க் குறைக்கும். காரணம் யாருக்கும் புரியல. போன மாசம்தான் கண்டுபிடிச்சேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாம படிப்ப விட்டுட்டுக் கப்பல் பாக்க ஓடினதுதான்ட்டி!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு சாஹிதா ரூபிகாவின் பக்கம் திரும்பினாள்.

"பாடமெல்லாம் மாறிப்போச்சும்மா. எங்க பழைய படிப்ப வச்சு இனிக் கணக்குப் போட முடியாது. புதுசா ஒரு வருஷம் படிக்கிற பிள்ளை வேணும். எங்கெங்கயோ தேடிட்டேன். இந்தப் பக்கத்துல நீ ஒருத்திதான். தொப்பியோட படி. உனக்காக அசல் தேர்வு வைக்கோம். அதுல வாங்குறது உன் மார்க்."

அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே "சரி" என்றாள் ரூபிகா.

செய்தி பரவியதும் தெருவே மாறியது. ரூபிகாவின் படிப்பிலிருந்துதான் இனி தங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் என்று தெரிந்ததும், கோயில் ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பி வைத்தார்கள். முன்பு கறை பட்டவள் என்று ஒதுங்கியவர்கள் மீன்குழம்பு கொண்டுவந்தார்கள். சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். "பாப்பா படிக்காளா?"

ஒரு மாலை ரூபிகா புத்தகத்தை மூடிவிட்டுச் செருப்பை மாட்டினாள். எதிர்வீட்டு முத்துப்பேச்சி ஓடிவந்து வாசலை மறித்தாள்.

"எங்கம்மா போற? எம் பிள்ளை மார்க்கு என்னாவறது?"

"அவனையும் வந்து படிக்கச் சொல்லுங்கக்கா. தனியாப் படிக்க முடியல."

"ஐயையோ, அவன் படிக்கக் கூடாதுல்லா!"

தேவகிருபை தயங்கினாள். தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரு கணம் அவள் கண்முன் வந்து போனார்கள். பிறகு முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

"போயிட்டு வாட்டி."

அந்த ஆண்டு அசல் தேர்வில் ரூபிகா சுமாரான மதிப்பெண்தான் வாங்கினாள். ஆனால் எந்தக் கேள்வியில் எதை விட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விரும்பிய கல்லூரி இல்லை. கிடைத்த கல்லூரியில் சந்தோஷமாகச் சேர்ந்தாள்.

வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் எட்டுமானியில் மதிப்பெண் இறங்கியது. பெற்றோர் திரண்டு ஊர்வலம் போனார்கள். அவர்கள் கோரிக்கை ஒன்றுதான்: தங்கள் பிள்ளைகளுக்காக, அடுத்த ஆண்டு இன்னும் ஒழுங்காகப் படிக்கிற ஒரு பிள்ளையை அரசு நியமிக்க வேண்டும்.