டேங்கில் நல்ல தண்ணீர்

காலை பத்து மணி. மெக்கானிக் கார் டேங்கிலிருந்து பிடித்த கண்ணாடி ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர்.

"மறுபடியுமா!" என்று வாயில் கை வைத்தார் வீட்டுக்காரம்மா.

அம்மாவின் கணவர் இறந்தபின் பல வருஷம் ஷெட்டில் முடங்கிய கார். முதல் தடவை மெக்கானிக் திறந்தபோது பெட்ரோல் கெட்டுக் கறுத்து, வார்னிஷ் நாற்றம் அடித்தது. அதைச் சாக்கடையில் கொட்டாமல், கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் ஒப்படைத்தார். டேங்கைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினார். அதன்பிறகுதான் இந்தக் கூத்து. யாரோ அடிக்கடி தண்ணீர் கலக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் டேங்கைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று அம்மா அதை உடனே வெளியூர் மகனிடம் போனில் சொல்லிவைத்தார். அவன் நேரே போலீசுக்குப் போன் போட்டான். "வேலியே பயிரை மேயுது சார். வேலை கிடைக்கணும்னு அந்த ஆளேதான் ஊத்துறான். உள்ள தள்ளுங்க."

பதினொரு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். ஷெட் பூட்டு பத்திரமாக இருந்தது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, இந்த மெக்கானிக்கிட்ட ஒண்ணு," என்றார் அம்மா.

"டேங்க் மூடி சாவி?"

"அதுவும் அப்படித்தான்."

மெக்கானிக்குப் பயம். திருட்டுப் பட்டம் கட்டினால் அப்புறம் எவன் ரிப்பேருக்கு வண்டி விடுவான்?

"நீயா ஊத்தின?"

"இல்ல சார்."

"பின்ன யாரு?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "தெரியாது சார்."

எஸ்.ஐ. ஷெட் குழாயில் கை கழுவினார். குழாய் வாயெல்லாம் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு, ஜாடியின் அடித் தண்ணீரில் ஒரு சொட்டு, இரண்டையும் ஒரு கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் வைத்தார். பிறகு உள்ளே போய்க் குடிக்கக் கேட்டார்.

அடுக்களையில் ஒரே தட்டு, ஒரே டம்ளர். அந்த டம்ளரில்தான் அவருக்கும் வந்தது.

"இந்தத் தண்ணி உப்பே இல்லையே?"

"ஆர்.ஓ. ஃபில்டர்ல பிடிச்சது சார்."

எஸ்.ஐ. திரும்பி வந்து கண்ணாடித் துண்டை நீட்டினார்.

"குழாய்த் தண்ணி வெள்ளையா தடம் விட்டிருக்கு. டேங்க் தண்ணி தடமே விடல. ஏமாத்துறவன் கைக்கு எட்டின குழாயில பிடிச்சு ஊத்துவான். உப்புத் தண்ணியில டேங்க் சீக்கிரம் துருப்பிடிக்குமேன்னு பயந்து நல்ல தண்ணி ஊத்த, இந்த வண்டி மேல பாசம் இருக்கணும். நீங்கதாம்மா ஊத்தினது."

அம்மா பொலபொலவென்று அழுதார். "அவர் துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்த வண்டி சார். பாழாக்க மனசு வரல."

"அப்புறம் ஏம்மா?"

"டேங்க் கழட்டினா சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் வீட்டுல பேச்சுக் குரல் கேக்கும். இல்லேன்னா நானும் நாலு சுவரும்தான். இவருக்கு ஆபத்து வரும்னு சத்தியமா நினைக்கல."

எஸ்.ஐ. மெக்கானிக்கை முறைத்தார். "உனக்குத் தெரியும், இல்ல?"

"முதல் தடவையே தெரியும் சார். எப்படி சார் சொல்றது? அக்கா மானம் போயிடுமே."

எஸ்.ஐ. மகனுக்குப் போன் போட்டார்.

"யாரு சார் ஊத்தினது?"

"யாருமில்லப்பா. வண்டி சும்மாவே கிடந்தா டேங்க் உள்ள வேர்க்கும். நீ வந்து அம்மாவை உக்கார வெச்சு ஓட்டு, சரியாயிடும்."

எஸ்.ஐ. போனை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் டேங்கை மாட்டி முடித்து, மெக்கானிக் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சும்மாவே வரேன். தண்ணி எல்லாம் ஊத்தாதீங்க."