உள்ளங்கைக்குள் வார்த்தது

கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் வர மறுத்தன. கைக்காரர் இழுத்தார், பையும் விடாமல் பதிலுக்கு இழுத்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற நாலு பேர் சிரித்த சிரிப்பில் மேற்கூரையே பெயர்ந்து பறந்திருக்கும். தையல் பிரிந்த பிறகுதான் கை வெளியே வந்தது. அந்த இரண்டு விரல்களும் கொக்கி மாதிரி மடங்கியே இருந்தன.

கையுறைக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக நிற்குமே, அந்தப் பிளாஸ்டர் கைகளை வார்ப்பதுதான் அவர் தொழில்; கைக்காரர் என்ற பேரும் அதனால் வந்ததுதான். அவர் பட்டறையில் அடுக்கியிருக்கும் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தட்டினால் ஊர் செவிடாகிவிடும். இத்தனை கைகளுக்கு நடுவில் சொந்தக் கை மக்கர் பண்ணினால் பிழைப்பு என்ன ஆவது?

மருத்துவர் உள்ளங்கையை மேஜையில் பதிக்கச் சொன்னார். பதியவில்லை. அடியில் ஒரு எலி தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு இடைவெளி.

"தோலுக்கு அடியில இருக்கிற சவ்வு தடிச்சு, கயிறு மாதிரி திரண்டு விரலை இழுக்குது சார். தானா நிமிராது. எண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் நிமிராது."

"எதனால வருது?"

"பெரும்பாலும் பரம்பரை. குடி, சிகரெட், சர்க்கரை, வயசு, எல்லாம் கூடச் சேர்ந்துக்கும். வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்கு. இருபது வருஷம்." கொஞ்சம் யோசித்து, "கடைசில நிமிர்ந்துருச்சு," என்றார்.

மருத்துவரின் பேனா நின்றது. "நிமிராதே சார்."

ஊசியால் அந்தக் கயிற்றைக் குத்தி அறுக்கலாம், இல்லையென்றால் உள்ளங்கையைத் திறந்து வெட்டி எடுக்கலாம், இரவில் விரலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், அப்படியும் சில பேருக்குத் திரும்ப வரும் என்றார். வியாழக்கிழமை அறுவை என்று முடிவானது.

கீழே பட்டறை, மேலே வீடு. தங்கை பட்டறை ஜன்னலோரம் உட்கார்ந்து வார்த்த கைகளுக்கு நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அப்பா போன நாளிலிருந்து அண்ணனிடம் அவள் பேசுவதெல்லாம் ஊசி குத்துகிற பேச்சுதான்.

"மடங்கிடுச்சா? அப்பா சொத்துல எல்லாம் உனக்குத்தானே வேணும்னு நின்ன. இதையும் வாங்கிக்கோ."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"இருபது வருஷம் நிமிராத விரல், நான் பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள எப்படி நிமிர்ந்துச்சு அண்ணா? அதை மட்டும் சொல்லு."

அவர் கண் பட்டறை மூலையில் கிடந்த நாற்காலிக்குப் போனது. அன்றைக்கு அப்பா அதில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். பட்டறைச் சாவி அந்த இரண்டு மடங்கிய விரல்களுக்குள் இருந்தது. தங்கை வந்தால் சாவி அவள் கைக்குப் போய்விடும். முதலில் சுண்டு விரல், பிறகு மோதிர விரல். காய்ந்த அச்சு உடைகிற சத்தம் இரண்டு முறை கேட்டது.

புதன்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஈரப் பிளாஸ்டரின் பச்சை வாசனை அறை முழுக்கத் தேங்கி நிற்க, வாசல் தகரக் கூரையில் மழை ஓயாமல் தட்ட, அலமாரிக் கைகளின் நிழல்கள் சுவரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்க, கைக்காரர் தன் மடங்கிய விரல்களுக்குள் எதை எதையோ நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டிப் பிடி, சுத்தியல் காம்பு, சாவி என்று எதுவும் அந்தக் குழிக்குப் பொருந்தவில்லை. ஆனால் வெறுமையாக இருக்கும்போது மட்டும் அது நிறைந்திருந்தது. உள்ளே எதையோ பிடித்திருக்கிற அழுத்தம்.

குழிக்குள் என்ன வடிவம் என்று தெரிய வேண்டுமென்றால் வார்த்துப் பார்க்க வேண்டும். இது அவர் தொழில். வேறு வழி அவருக்குத் தோன்றவே இல்லை.

குழிக்குள் எண்ணெய் தடவினார். சுண்டு விரல் பக்கத்தைக் களிமண்ணால் அடைத்தார். "வந்து ஊத்து," என்றார். தங்கை முணுமுணுத்துக்கொண்டே வந்து ஊற்றினாள். இறுகும்போது பிளாஸ்டர் வழக்கம்போலச் சூடானது. இறுகியதும் அவள் களிமண்ணைத் தள்ளிவிட்டுத் திருகித் திருகி அதை வெளியே எடுத்தாள்.

வெளியே வந்தவை இரண்டு விரல்கள்.

நகம் இருந்தது. தோல் சுருக்கம் இருந்தது. இரண்டும் நடு மூட்டில் உடைந்து பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.

தங்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அப்பா விரலை ஒடிச்சியா," என்றாள். அவ்வளவுதான்.

சூடான பிளாஸ்டர் கால்மணி நேரத்தில் ஆறிவிடும். நாற்பது வருஷமாக அவர் பார்த்தது. கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி நேரம். அவள் தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அது உடம்புச் சூடு.

மழை நின்றுவிட்டது. எப்போது நின்றது?

அவர் கைக்குள் ஏதோ நகர்ந்தது. கொக்கிக்குள் கொக்கி. மெல்ல இறுக்கியது. தோள் முன்னால் போனது. பிறகு கால். அவர் போகவில்லை; கை போனது. நீட்டிய கையோடு, நடை பழகும் பிள்ளை மாதிரி, மூலை நாற்காலி வரைக்கும்.

உட்கார வைத்தது.

"அண்ணா," என்றாள் தங்கை. கதவோரமாக நின்றாள். கிட்டே வரவில்லை.

அவருடைய சுண்டு விரல் நிமிரத் தொடங்கியது. தானாக.

பக்கவாட்டில்.

காய்ந்த அச்சு உடைகிற சத்தம்.

மோதிர விரல் காத்திருந்தது.